நடுவில் ஒரு பி

திருக்காட்டுப்பள்ளி
5 ஆகஸ்ட் 2025

பூவிழிக்கு,

அக்கா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ இருபத்து மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாய். நான் எடுக்கவில்லை, இனியும் எடுப்பதாக இல்லை. போனில் பேசினால் என்ன ஆகும் என்று ஆடிப்பெருக்கு அன்றைக்கே பார்த்தாகிவிட்டது. கடிதத்தை யாரும் ஸ்பீக்கரில் போட முடியாது. அதனால்தான் இந்தத் தாள்.

நீ பாட்டுக்குச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். இங்கே என்ன நடந்தது என்று கேள். ஆற்றுக்குப் போய்ப் படைத்துவிட்டு வந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். உன் மாமா, அவர் அண்ணன் காத்தமுத்து, அண்ணன் பெண்சாதி தனபாக்கியம். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் புளிசாதம். போன் அடித்ததும் உன் மாமாதான் “பூவிழி கூப்புடுது” என்று ஸ்பீக்கரில் போட்டு என் பக்கத்தில் வைத்தார். நீ சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. “அக்கா, ரிசல்ட் வந்துருச்சு. ஒனக்கு மாமாகிட்டேர்ந்து வரலக்கா. அவருக்கு இருக்குறது ஏஈ. ஒனக்கு சி. ரெண்டும் வேற வேற வைரஸ்” என்றாய். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிக்கொண்டு ஓடி வருவாயே, அந்தக் குரல். நான் புறங்கையால் போனை அணைப்பதற்குள் இரண்டாம் தடவையும் சொல்லி முடித்துவிட்டாய்.

எங்கள் இருவருக்கும் ஹெச்.ஐ.வி. இருப்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் பன்னிரண்டு வருஷமாகத் தெரிந்ததுதான். உன் மாமா மலேசியாவில் வாங்கிக்கொண்டு வந்தார், அவரிடமிருந்து எனக்கு வந்தது, விதி. இப்படிப் பேசி முடித்து, மூடி வைத்த விஷயம் அது. நீ மூடியைத் திறந்தாய்.

உன் மாமாவின் அண்ணன் முப்பது வருஷம் பொதுப்பணித்துறையில் லஸ்கர். மதகைத் திறப்பதும் மூடுவதும்தான் வேலை. அவருக்கு உலகமே வாய்க்கால். ஆற்றிலிருந்து பிரிவது ஏ வாய்க்கால், ஏ-யிலிருந்து பி, பி-யிலிருந்து சி, கடைசியில் வயலுக்குப் பக்கத்தில் டி. அவர் சாப்பிட்டு எழுந்து, கையைக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஏ-லேர்ந்து சி-க்கு நேராத் தண்ணி பாயாது ரெத்தினம். நடுவுல ஒரு பி இருக்கணும். அந்த பி யாருன்னு ஒம் பொண்டாட்டிய கேளு.”

உன் மாமா கேட்கவில்லை. மறுநாள் காலையில் இரண்டு சட்டை, அவருடைய மாத்திரை டப்பா, இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு அகரப்பேட்டையில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். தனபாக்கியம் அங்கே உட்கார்ந்து, பி-யில் பெயர் ஆரம்பிக்கிற ஆம்பளைகள் எங்கள் தெருவில் யார் யார் என்று விரல் விட்டு எண்ணுகிறாளாம். நான் வேலை பார்க்கிற வயல்காரம்மா பிரகதீஸ்வரி பெண்ணாய்ப் பிறந்ததால் தப்பித்தார்.

சிரிப்பதற்காக இதை எழுதவில்லை.

அம்சம்


புனே
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மன்னிப்புக் கேட்டு மூன்று பக்கம் எழுதினேன். திரும்பப் படித்தால் எல்லாம் என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியது மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன். தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

காத்தமுத்து மாமா சொன்ன வாய்க்கால் தப்பு. ஏ, பி, சி என்பது ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்த வரிசை இல்லை. வகை பிரித்தவர்கள் அடையாளத்துக்கு வைத்த எழுத்துகள். ஆடுதுறை 36 நெல் பெற்ற பிள்ளைதான் ஆடுதுறை 37 என்று யாராவது சொல்வார்களா? இதுவும் அப்படித்தான். இந்த வைரஸ் ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால் நடு ஆப்பிரிக்காவில் மனிதருக்குள் வந்தது. தன்னை நகல் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அது எழுத்துப்பிழை விடும். பிழை சேரச் சேர வகைகள் பிரிந்தன. பிறகு ஆட்கள் போன வழியெல்லாம் அதுவும் போனது. ஒவ்வொரு பக்கத்தில் ஒவ்வொரு வகை நிலைத்துவிட்டது. நம் நாட்டில் பெரும்பாலும் சி. ஆப்பிரிக்காவின் தெற்கிலும் சி. அமெரிக்கா, மேற்கு ஐரோப்பா பக்கம் பி. தாய்லாந்து, மலேசியா பக்கம் ஏஈ. எந்த வகையானாலும் நீங்கள் சாப்பிடும் மாத்திரை கேட்கும். அதில் பயம் வேண்டாம்.

மாமா நாலு வருஷம் மலேசியாவில், ஜொகூரில் இருந்தவர். அவருக்கு ஏஈ என்றதில் எனக்கு வியப்பு இல்லை. உனக்கும் அதுவேதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தது சி. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரம். ஒன்று இன்னொன்றாக மாறாது. அதனால் மாமாவின் ஏஈ உனக்கு வந்து சி ஆகவில்லை. நான் சொன்ன வாக்கியம் அந்த அளவுக்கு உண்மை.

நான் செய்த தப்பு வேறு. வெளிநாடு போய் வந்தவர்கள் வீட்டில் எந்தெந்த வகை இருக்கிறது என்று பார்க்க எங்கள் லேபில் நடக்கும் ஆய்வு இது. நீங்கள் இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தீர்கள். ரத்தக் குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். யாருடையது என்று எங்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த எண்ணை நான் சாதாரணமாகக் கேட்பது மாதிரி உன்னிடம் கேட்டேனே, நினைவிருக்கிறதா? அதை வைத்துத்தான் தேடிப் பார்த்தேன். நீ என்னிடம் எதையும் கேட்கவில்லை. நானாகத்தான் பார்த்தேன்.

போனில் ஏன் அந்தச் சந்தோஷம் என்று கேட்பாய். பன்னிரண்டு வருஷமாக மாமாவை நான் மன்னித்ததில்லை அக்கா. பொங்கலுக்கு வந்தால் அவர் காலில் விழுவேன், மனசுக்குள் திட்டிக்கொண்டே விழுவேன். அந்தத் திரையில் இரண்டு எழுத்தும் வேறாக இருப்பதைப் பார்த்ததும் அந்தக் கோபம் சட்டென்று இறங்கியது. நல்ல மனுஷனைத் திட்டியிருக்கிறேன் என்று உன்னிடம் சொல்ல ஓடி வந்தேன். அடுத்த கேள்வி உன் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை படித்தும் தோன்றவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. 2008-இல் குழந்தை தங்காமல் போனபோது உனக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்களே. அதைக் காத்தமுத்து மாமாவிடம் சொல். சோதித்த ரத்தத்திலும் அபூர்வமாகத் தப்பி வருவது உண்டு.

பூவிழி


திருக்காட்டுப்பள்ளி
17 ஆகஸ்ட் 2025

பூவிழிக்கு,

ரத்தம் ஏற்றியதை அண்ணனிடம் சொன்னேன். “ஆஸ்பத்திரில டெஸ்ட் பண்ணாமயா ஏத்துவான்?” என்று ஒரே வார்த்தையில் அடைத்துவிட்டார். மதகை மூடிப் பழகின கை.

எனக்கே நெல் ரகம் சொல்லிக்கொடுக்கிறாய். நான் பிரகதீஸ்வரியம்மா விதைப்பண்ணையில் ஒன்பது வருஷமாகக் கலவன் எடுக்கிறேன். கோ 51 போட்ட வயலில் வேறு ரகம் ஒன்றிரண்டு தலை நீட்டும். உயரத்தில் தெரியும், கதிர் முன்னால் வருவதில் தெரியும். அதுதான் கலவன். வேரோடு பிடுங்கி வரப்பில் போட வேண்டும், இல்லாவிட்டால் விதைச் சான்று அதிகாரி வயலையே தள்ளிவிடுவார். போன போகத்தில் சிந்தின மணியா, மூட்டையில் கலந்து வந்ததா, மடைத் தண்ணீரில் மிதந்து வந்ததா என்று நின்று கேட்க ஆள் இல்லை. பிடுங்கியாகிவிட்டது, அவ்வளவுதான். இந்த வாரம் வயல் பூத்திருக்கிறது, தினம் இறங்குகிறேன். ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது என் ஞாபகம்தான் வருகிறது.

உன் மாமாவைப் பற்றிச் சொல்கிறேன். இந்தப் பன்னிரண்டு வருஷம் அவர் எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியாது. நீ உள்ளுக்குள் திட்டிக்கொண்டு இருந்தாய். எனக்குக் காய்ச்சல் என்றால் சேலையைத் துவைத்துப் போடுவார். ஒரு குரல் உயர்த்தியதில்லை. நான் ஏதாவது சத்தம் போட்டால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். டீக்கடையில் நாலு பேர் சிரித்துப் பேசினால் இவர் ஓரமாக நிற்பார். தப்புச் செய்தவன் நிற்கிற இடம் அது. ராத்திரி மாத்திரையை எனக்கு எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் அவர் போட்டுக்கொள்வார்.

முந்தாநாள் கடைத்தெருவில் பார்த்தேன். சவரம் பண்ணிக்கொண்டு, சட்டைக்காலரைத் தூக்கிவிட்டு, நிமிர்ந்து நடந்து போனார். என்னைப் பார்த்தும் நடையைக் குறைக்கவில்லை. நீ அவருக்கு விடுதலைப் பத்திரம் வாசித்துவிட்டாய். அவர் நிமிர்ந்ததில் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

செப்டம்பர் ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் பேச்சு. எங்கள் உறவைத் தீர்த்துவிடுவது என்று முடிவு பண்ணித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். உன் மாமா இல்லாமலும் எனக்கு இந்த ஊரில் வீடு இருக்கும், வேலை இருக்கும். ஆனால் அவர் எனக்கு வேண்டும். வெட்கப்படாமல் எழுதுகிறேன், வேண்டும்.

நீ கெடுத்ததை நீதான் சரிசெய்ய வேண்டும். உன் ஆபீஸ் தாளில், முத்திரை வைத்து, ரத்தக் குழாய் மாறிப்போய்விட்டது, இரண்டும் ஒரே வகைதான் என்று நாலு வரி எழுதி அனுப்பு. லஸ்கருக்கு முத்திரை போதும். வேறெதுவும் உன்னிடம் நான் கேட்டதில்லை.

அம்சம்


புனே
23 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

அந்தத் தாளை என்னால் எழுத முடியாது.

முத்திரை என் கையில் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். அது உண்மையும்கூட. திங்கட்கிழமை எங்கள் தலைமை விஞ்ஞானியிடம் போய், எண்ணை வைத்து என் அக்காவின் ரிசல்ட்டைத் தேடிப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். ஆய்விலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். விசாரணை நடக்கிறது, வேலை இருக்குமா என்று தெரியாது. ஆனால் முத்திரை கையில் இருந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். மாமா எங்கேயாவது மறுபடி ரத்தம் கொடுப்பார், மறுபடி ஏஈ என்று வரும். பொய் இரண்டாம் தடவை உடைந்தால் உன் மேல்தான் விழும்.

முதல் தடவையே சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் ஒன்று இருக்கிறது. அதை இப்போது எழுதுகிறேன். அந்த ரிப்போர்ட் வகையைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. உன் சி யாரிடமிருந்து வந்தது என்று உலகத்தில் எந்த லேபும் சொல்ல முடியாது. மாமாவிடமிருந்து வரவில்லை என்றும்கூட என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஒரே உடம்பில் இரண்டு வகை இருக்கலாம். நீங்கள் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதால் ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை. செல்லுக்குள் பதுங்கிக் கிடந்ததைத் துருவி எடுத்துத்தான் படித்தோம். அதிகமாக எது இருந்ததோ அதுதான் கிடைக்கும். மாமா மலேசியா போவதற்கு முன்பே ஊரில் அவருக்கு சி வந்து, அது உனக்கு வந்து, அவர் அங்கே போய் ஏஈயும் வாங்கி, அது மேலோங்கியிருக்கலாம். அபூர்வம்தான். ஆனால் நடக்காதது இல்லை. ஏஈயை மட்டும் பார்த்துவிட்டு ‘மாமாகிட்டேர்ந்து வரல’ என்று சொன்னேனே, அது என் அவசரம். விஞ்ஞானம் இல்லை.

ஏஈ என்ற பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஏ-யும் ஈ-யும் கலந்தது என்று வைத்த பெயர். ஏ பல நாடுகளில் இருக்கிறது. தனி ஈயை இதுவரை யாரும் எங்கேயும் கண்டதில்லை. முப்பது வருஷமாக உலகமே தேடியும் ஒரு வைரஸுக்குத் தாய் தகப்பன் கிடைக்கவில்லை. காத்தமுத்து மாமா ஒரு மத்தியானத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

இதே விஷயத்தை மாமாவுக்கும் தனித் தாளில், என் கையெழுத்தில், முத்திரை இல்லாமல் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம். ஏழாம் தேதிக்கு நான் வரட்டுமா? ஒரு வார்த்தை எழுது, கிளம்பிவிடுகிறேன்.

பூவிழி


திருக்காட்டுப்பள்ளி
29 ஆகஸ்ட் 2025

பூவிழிக்கு,

நீ வர வேண்டாம். உன் வேலைக்கு ஆபத்து என்று படித்ததும் கோபம் பாதி போய்விட்டது. மீதி இருக்கிறது, அது கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்.

மாமாவுக்கு நீ எழுதிய தாளை அகரப்பேட்டைக்குப் போகிற மூஸா பாயிடம் கொடுத்து அனுப்பினேன். அவர் கையிலேயே கொடுத்ததாக வந்து சொன்னார். பதில் ஒன்றும் இல்லை.

பொய்த் தாள் கேட்டதற்கு நீ என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நான் ஏன் அப்படித் தவித்தேன் என்று உனக்குத் தெரியாது. உனக்கு என்ன, யாருக்குமே தெரியாது. எழுத உட்கார்ந்து மூன்று நாளாகிறது. கேட்டுக்கொள்.

எனக்கு இருப்பது 2011-லேயே எனக்குத் தெரியும். உன் மாமா அப்போது ஜொகூரில், அவர் திரும்பி வர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. முதுகில் அக்கி வந்தது. காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டேன், அடங்கவில்லை. தெரிந்த முகம் எதுவும் இருக்கக்கூடாது என்று பஸ் ஏறி வேறு ஊருக்குப் போய், ஆஸ்பத்திரியில் காட்டினேன். ரத்தம் எடுத்தார்கள். உட்காரவைத்துச் சொன்னார்கள். இப்போது மாத்திரை தேவைப்படாது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டு என்றார்கள். நான் திரும்பப் போகவில்லை. நீ அப்போது காலேஜில் சேர்ந்த வருஷம். புருஷன் வெளிநாட்டில் இருக்கிறவளுக்கு இந்த நோய் என்றால் ஊர் என்ன கேட்கும்? இப்போது கேட்கிறதே, அதையேதான் கேட்டிருக்கும். வாயை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் போன் பண்ணுவார், நல்லா இருக்கேன் என்பேன்.

2013-இல் அவர் இருமிக்கொண்டே வந்து இறங்கினார். சோதித்ததில் இருக்கிறது என்று வந்தது. வீட்டுக்கு வந்ததும் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அங்கே பெண்களிடம் போனதைச் சொன்னார். “ஒன்னையும் கெடுத்திருப்பேனே அம்சம், ஒன்னையும் கெடுத்திருப்பேனே” என்று முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். நான் சொல்ல வாயெடுத்தேன், பூவிழி. சத்தியமாக எடுத்தேன். ஆனால் அவர் ஏற்கனவே மன்னிப்புக் கேட்டுவிட்டார். கேட்டதை வாங்கிக்கொள்வது எவ்வளவு சுலபம் தெரியுமா? மறுநாள் என்னைச் சோதிக்க அழைத்துப் போனார்கள். தெரிந்த விஷயத்துக்கு முதல் தடவை கேட்பது போல அழுதேன். அந்த அழுகையை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது.

அப்புறம் அவர் குனிந்துகொண்டே இருந்தார். நிமிர்த்தியிருக்கலாம், ஒரு வார்த்தை போதும். எனக்கு அவர் குனிந்திருப்பது பிடித்துப்போயிற்று. மலேசியா போவதற்கு முன் இருந்த மனுஷன் அப்படி இல்லை, கை நீட்டுகிறவர். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்தது நல்ல புருஷன். பொய்யின் மேல் கிடைத்தான்.

எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. அந்த இரண்டு பாட்டில் ரத்தமோ, எந்த ஊசியோ, நீ எழுதினது போல அவரேயோ. வேறு ஆள் யாரும் என்னைத் தொட்டதில்லை. உனக்கு எழுதுகிறேன், நீ தங்கச்சி. ஏழாம் தேதி அந்தக் கூடத்தில் நின்று இதைச் சொல்ல மாட்டேன். ஜொகூரில் எத்தனை பேர் என்று அங்கே யாரும் அவரைச் சத்தியம் பண்ணச் சொல்லவில்லை.

செப்டம்பர் மூன்றாம் தேதி எங்களுக்கு மாத்திரை வாங்கும் நாள். இருவருக்கும் ஒரே தேதி. அவர் அங்கே வந்தே ஆக வேண்டும். அங்கே வைத்து 2011-ஐச் சொல்லிவிடப் போகிறேன்.

அம்சம்


புனே
1 செப்டம்பர் 2025

அக்கா,

இன்று காலையில்தான் கிடைத்தது. உடனே எழுதுகிறேன். போனை எடு என்று கெஞ்சுகிறேன், நீ எடுக்க மாட்டாய்.

சொல்லாதே. தயவுசெய்து சொல்லாதே. நான் மாமாவுக்கு எழுதிய தாளில் பொய் ஒன்றுகூட இல்லை, அதுவே போதும். அதை வைத்தே அவர் திரும்பி வருவார். 2011-ஐ நீ வாயால் சொன்னால், அவர் ஊரில் இல்லாத வருஷத்தை நீயே எடுத்து அவர்கள் கையில் கொடுத்தது போல ஆகும். அதற்குப் பல வருஷம் முன்பே உனக்கு வந்திருக்கலாம், ஒன்றும் வெளியே தெரியாமல் இருந்திருக்கலாம் என்று நான் எத்தனை பக்கம் எழுதினாலும் அங்கே யார் படிப்பார்கள்?

பத்து நாளைக்கு முன்னால் உண்மை உண்மை என்று உனக்கு உபதேசம் எழுதினவள் நான்தான். எனக்கே சிரிப்பு வருகிறது. அது ரிப்போர்ட்டில் இருக்கிற உண்மை. இது நீ. உன்னை இழக்கிற அளவுக்கு எனக்கு உண்மை பெரிதில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் வரும் என்று நினைத்துப் பயந்திருப்பாய். வரவில்லை. முதுகு எரிய பஸ்ஸில் தனியாகப் போனாயே, அதுதான் நெஞ்சில் நிற்கிறது. எனக்கு ஹாஸ்டலுக்கு முறுக்கு சுட்டு அனுப்பிய வருஷம் அது. ஒரு வரி சொல்லியிருக்கலாமே அக்கா.

பூவிழி


திருக்காட்டுப்பள்ளி
10 செப்டம்பர் 2025

பூவிழிக்கு,

உன் கடிதம் நாலாம் தேதி வந்தது. நான் மூன்றாம் தேதியே சொல்லிவிட்டேன். ஒருவேளை முன்னால் வந்திருந்தாலும் சொல்லித்தான் இருப்பேன். நீ பதறுவாய் என்றுதான் விவரமாக எழுதுகிறேன், நிதானமாகப் படி.

ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வந்தார். பெஞ்சில் இடம் அது ஒன்றுதான் இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு முன்னால் பதினாலு பேர். அக்கி, பஸ், ஆஸ்பத்திரி, அப்புறம் 2013-இல் அழுத அழுகை, எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். என் டோக்கனைக் கூப்பிட்டார்கள், அவர் என்னை எழ விடவில்லை. அடுத்த ஆளைப் போகச் சொன்னார்.

அப்புறம் கேட்டார்: “அக்கிக்கு மருந்து யாரு தடவுனா?”

“யாருமில்ல.”

“முதுகுலயா வந்துச்சு?”

“ஆமாங்க.”

“முதுகுல ஒனக்குக் கையி எட்டாதே” என்றார். அவ்வளவுதான் பூவிழி, எனக்கு அங்கேயே உடைந்துவிட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அந்த இடத்தில் அழுகிறவர்களை யாரும் அதிக நேரம் பார்க்க மாட்டார்கள்.

அதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதே. மாத்திரை வாங்கி வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் நின்று என் முகத்தை நேராகப் பார்த்தார். “பன்னெண்டு வருசம் என்னைய நாயா வெச்சிருந்தியேடி. தெனம் காலையில எந்திரிச்சு, நான் இவள கெடுத்தவன்னு சொல்லிக்கிட்டுத்தான் பல்லு வெளக்கினேன். ஒருநா ஒனக்கு மனசு வரலயா?” என்றார். குரல் ஓங்கவில்லை, ஓங்கியிருந்தால் தேவலாம் போல இருந்தது. வரலங்க என்றேன். அது உண்மை, வேறென்ன சொல்வது. அவர் தனி பஸ் ஏறிப் போய்விட்டார். எல்லாம் தீர்ந்தது என்று நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். நாலு நாள் கஞ்சிதான்.

ஏழாம் தேதி போனேன். அண்ணன் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தனபாக்கியம் கதவோரம், உன் மாமா சுவரோரம். நான் நின்றேன். அண்ணன் பழையபடி ஏ வாய்க்கால், பி வாய்க்கால் என்று ஆரம்பித்தார். “அந்த பி யாருன்னு சொல்லிட்டு அது பாட்டுக்குப் போவட்டும். நாங்க ஒண்ணும் செய்ய மாட்டோம்” என்றார். 2011-ஐ உன் மாமா சொல்லிவிடுவார், அதோடு முடியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

உன் மாமா சட்டைப்பையிலிருந்து நீ எழுதிய தாளை எடுத்தார். மடிப்பெல்லாம் கிழிகிற மாதிரி இருந்தது, அத்தனை தடவை பிரித்துப் படித்திருக்கிறார். “நான் மலேசியா போறதுக்கு முன்னாடியே எனக்கு சி இருந்திருக்கலாம்னு பூவிழி எழுதியிருக்கு. எனக்கும் அப்பிடித்தான் படுது. ஏ-யும் நான்தான், பி-யும் நான்தான். நீங்க எந்த மதகையும் தொறக்க வேணாம்ண்ணே” என்றார். அண்ணன் தாளை வாங்கி, முத்திரை எங்கே என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். உன் மாமா பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், அங்கே ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. “அது அவங்களுக்குச் சொன்னது. ஒனக்குச் சொல்ல வேண்டியது வேற இருக்கு. இன்னும் யோசிக்கல” என்றார். அதனால் மன்னித்துவிட்டார் என்று உனக்கு நான் எழுத மாட்டேன். மன்னிக்கவில்லை. மாத்திரையை இப்போது அவரவர் டப்பாவிலிருந்து அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்கிறோம். பழைய மனுஷன் திரும்பி வந்துவிடுவானோ, கை நீட்டுவானோ என்று எனக்கு உள்ளூரப் பயம் இருந்தது. அதையும் அவரிடமே சொல்லிவிட்டேன், இனி எதையும் வைத்துக்கொள்வதாக இல்லை. “அடிக்க மாட்டேன். ஆனா சும்மாவும் இருக்க மாட்டேன்” என்றார்.

உன் விசாரணை என்ன ஆனது என்று எழுது. வேலை போனால் போகட்டும் என்று சொல்ல மாட்டேன், அது நீ கஷ்டப்பட்டு வாங்கினது. நாளைக்குப் போன் பண்ணு, எடுக்கிறேன். ஆனால் முதலில் நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டேனா என்று கேட்டுக்கொண்டு பேசு.

இன்றைக்கு மத்தியானம் கெண்டைமீன் குழம்பு வைத்தேன். ஒரு வாய் வைத்ததும், உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறாயே, மனுஷன் தின்பானா இதை என்று ஒரு சத்தம் போட்டார் பார், பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நான் எதைப் போட்டாலும் குனிந்துகொண்டு தின்றவர். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. வேண்டாமென்றால் நீங்களே ஆக்கிக்கொள்ளுங்கள் என்று சட்டியை மூடிவிட்டேன். விசுக்கென்று எழுந்து போய் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். மணி மூன்றாகப் போகிறது. நான் கூப்பிடவில்லை. பசித்தால் வரட்டும்.

அம்சம்